முதல் காற்று யாருக்கு? பிராசசர் விசிறியின் திசையும் இன்டெல் எடுத்த மூன்று முடிவுகளும்

கணினியின் போர்டும் கேபினட்டும் எப்படி அமைய வேண்டும் என்று 1995 ஜூலையில் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறையில், இன்று படித்தால் வியப்பூட்டும் ஒரு பரிந்துரை இருந்தது. கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறி காற்றை வெளியே தள்ளக் கூடாது. வெளிக்காற்றை உள்ளே இழுத்து, பக்கத்தில் இருக்கும் பிராசசர் மீது வீச வேண்டும். இன்று கடையில் வாங்கும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றின் பின்புறம் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்று வெளியே வந்துகொண்டிருக்கும். திசை அப்படியே தலைகீழாகிவிட்டது. இடையில் 2004-இல் கேபினட்டின் மொத்தக் காற்றோட்டத்தையும் பிராசசரை முன்வைத்துத் திருப்பிப்போட இன்டெல் மறுபடியும் முயன்றது. இரண்டே ஆண்டுகளில் அதையும் கைவிட்டது.

பிராசசர் மேலிருக்கும் விசிறி, சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகட்டுத் தொகுதியான ஹீட்சிங்கின் மீது காற்றை ஊத வேண்டுமா, அதிலிருந்து சூட்டை உறிஞ்ச வேண்டுமா என்று கணினி கோர்ப்பவர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். ஆளுக்கொரு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு விசிறி ரசிகர் கூட்டம். கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். கேபினட்டுக்குள் வரும் குளிர்ந்த காற்று அளவானது. கல்யாணப் பந்தியில் முதலில் யாரை உட்காரவைப்பது என்று முடிவெடுப்பதைப் போல, அந்தக் காற்று முதலில் யாருக்கு என்பதை முடிவுசெய்துவிட்டால், விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். இன்டெல்லின் மூன்று முடிவுகளும் இந்தப் பந்தி வரிசையை மாற்றிப் பார்த்த முயற்சிகள்தாம்.

1995: ஒரு விசிறியில் இரண்டு வேலை

ஏடிஎக்ஸுக்கு முன்பிருந்த பேபி ஏடி போர்டுகளில் பிராசசர் பெரும்பாலும் முன்பக்கம், விரிவாக்கக் கார்டுகளின் பாதையிலேயே உட்கார்ந்திருந்தது. நீளமான கார்டைச் செருகினால் ஹீட்சிங்கில் இடிக்கும். பென்டியத்துக்கு முந்தைய 486 பிராசசர் காலத்தில் இது பெரிய தொல்லையாக இல்லை. பல 486 சில்லுகள் ஹீட்சிங்கே இல்லாமல் ஓடின. 1993-இல் வந்த முதல் பென்டியம் (60, 66 மெகாஹெர்ட்ஸ்) 5 வோல்ட்டில் இயங்கி ஏறத்தாழ 15 வாட் வெப்பத்தைக் கக்கியது. இன்று அது ஒரு எல்இடி பல்பின் கணக்கு. அன்றைக்கோ அதற்கென்று ஒரு குட்டி விசிறி தேவைப்பட்டது. அந்தக் குட்டி விசிறிகள் மலிவானவை. தேய்ந்து கரகரவென்று சத்தம் போடும், ஒரு நாள் நின்றும்விடும். நின்றது, கணினி உறைந்த பிறகுதான் தெரியவரும்.

ஏடிஎக்ஸ் போர்டை 90 பாகை திருப்பியது. பிராசசர் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் வந்து சேர்ந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஏற்கெனவே ஒரு 80 மி.மீ. விசிறி சுற்றுகிறது, அதையே உள்நோக்கி வீசவைத்தால் பிராசசருக்குத் தனி விசிறி வேண்டாம், வெறும் ஹீட்சிங்க் போதும் என்பது கணக்கு. ஒரு விசிறியின் விலை மிச்சம், அதன் சத்தமும் மிச்சம், பழுதாகும் பொருள் ஒன்று குறைவு. கேபினட்டுக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால், பிளாப்பி டிரைவின் வாய் வழியாகத் தூசு இழுபடாது. தூசுக்கு எதிரான இந்த ஆதாயம் விசிறியில் வடிகட்டி இருந்தால்தான் முழுமையடையும். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுகிற பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இந்த ஏற்பாட்டில் முதல் காற்று எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு. அது சாப்பிட்டு முடித்த காற்று பிராசசருக்கு.

இதனால் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெப்பத்தை வாட்டில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று ஓடுகிறதோ அந்த எண்ணால் வகுத்து, 1.76-ஆல் பெருக்கினால், காற்று எத்தனை டிகிரி செல்சியஸ் சூடாகும் என்பது கிடைக்கும். 100 வாட்டை 30 கன அடி காற்று சுமந்தால் ஏறத்தாழ 6 டிகிரி. எஸ்.எம்.பி.எஸ். ஒன்று 70 சதவீதத் திறனில் 100 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 43 வாட் அதற்குள்ளேயே சூடாகப் போகிறது. டிரான்ஸ்பார்மர், மின்தேக்கி, ஒயர் கட்டு எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு 20 கன அடி காற்று வெளிவந்தால், அது கிட்டத்தட்ட 4 டிகிரி ஏறிய பிறகே பிராசசரைத் தொடும். 15 வாட் பென்டியத்துக்கு 4 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. 1995-ஆம் ஆண்டின் கண்ணோட்டத்தில் அந்தப் பரிந்துரை மோசமான பொறியியல் என்று சொல்ல முடியாது.

பிராசசர்தான் பொறுமை காக்கவில்லை. 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் புரோ 35 வாட். 1997-இல் வந்த பென்டியம் II வரிசையின் 300 மெகாஹெர்ட்ஸ் வகை 43 வாட். தள்ளி நிற்கும் ஒரு விசிறியின் மிச்சக் காற்று இதற்குப் போதாது. ஹீட்சிங்கின் மீதே விசிறி மீண்டும் ஏறி உட்கார்ந்தது. அது ஏறியவுடன் பழைய ஏற்பாட்டின் நியாயம் போய்விட்டது. மிச்சப்படுத்த நினைத்த விசிறி மிச்சமாகவில்லை. அதோடு, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வெப்பம், பிராசசரின் வெப்பம், வன்தட்டின் வெப்பம் எல்லாம் கேபினட்டுக்குள்ளேயே கலந்து, எந்த ஓட்டை கிடைக்கிறதோ அதன் வழியே கசிய வேண்டியதாயிற்று. உள்ளே தள்ள ஒரு விசிறி உண்டு, வெளியே போக ஒழுங்கான பாதை இல்லை.

பிந்தைய பதிப்புகளில் அந்தப் பரிந்துரை விலக்கிக்கொள்ளப்பட்டது. எஸ்.எம்.பி.எஸ். கடைசிப் பந்திக்குப் போனது. மற்றவர்கள் சூடாக்கிய காற்றை வாங்கி, தன் சூட்டையும் சேர்த்து வெளியே அனுப்புவது அதன் வேலையாயிற்று.

ஊதுவதா, உறிஞ்சுவதா

ஹீட்சிங்கின் மீதே உட்கார்ந்த விசிறிக்கு வருவோம். எல்ஜிஏ 775 என்ற பிராசசர் சாக்கெட் காலத்தில் பிராசசர் பெட்டிக்குள்ளேயே இன்டெல் வைத்துக் கொடுத்த வட்ட ஹீட்சிங்க் பலர் வீட்டு அலமாரியில் இன்னும் கிடக்கும். அதை எடுத்து விசிறியைக் கழற்றிவிட்டு மேலிருந்து பாருங்கள். நடுவில் கெட்டியான உலோக உருளை. விலை கூடிய வகைகளில் அது தாமிரம். அதைச் சுற்றி அலுமினியத் தகடுகள் சூரியக் கதிர்போல வெளிநோக்கி விரிகின்றன. அந்த உருளை நடுவில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விசிறியின் நடுக்குமிழுக்குள் மோட்டார் இருக்கிறது, அதற்கு நேர் கீழே காற்று வீசாது. பிராசசரின் சூடான மையமோ சரியாக அங்கேதான் இருக்கிறது. எனவே காற்று வராத இடத்தில் தகடு வைத்துப் பயனில்லை என்று, அங்கே கெட்டி உலோகத்தை வைத்து, சூட்டைப் பக்கவாட்டில் காற்று பாயும் வளையத்துக்குக் கடத்திவிட்டார்கள். விசிறி கீழ்நோக்கி ஊதும் என்ற முடிவை முதலிலேயே எடுத்து, அதைச் சுற்றி வடிவமைத்த உலோகம் அது.

ஊதுவதற்கு ஆதரவான வாதங்கள் வலுவானவை. விசிறியின் வெளிவாயில் காற்று ஒரு தாரையாக, சுழன்றுகொண்டு பாய்கிறது. தகடுகளில் மோதி, உலோகத்தை ஒட்டிக்கொண்டிருக்கும் மந்தமான காற்றுப் படலத்தைக் கிழிக்கிறது. வெப்பம் மாறும் வேகத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் அந்தப் படலம்தான். உள்வாயிலோ காற்று எல்லாத் திசையிலிருந்தும் சாவகாசமாக வந்து சேர்கிறது. பக்கம் திறந்த ஹீட்சிங்கில் விசிறி உறிஞ்சினால், காற்று அருகில் இருக்கும் மேல் விளிம்பின் வழியாகவே குறுக்கு வழியில் நுழைந்துவிடும். அதிகச் சூடு இருக்கும் அடிப்பகுதிக்கு அது இறங்குவதில்லை. கீழ்நோக்கி ஊதும் காற்று போர்டில் மோதிச் சுற்றிலும் பரவும்போது, பிராசசருக்கு மின்சாரம் பகிரும் பாகங்களையும் போகிற போக்கில் குளிர்விக்கிறது. உறிஞ்சினால் அவற்றுக்கு அந்தக் காற்று கிடைக்காது. சூடான காற்று மோட்டார் வழியாகவே போவதால் பேரிங்கின் ஆயுளும் குறையும். விசிறியின் உள்வாய்க்கு மிக அருகே தகடுகள் இருந்தால் சத்தமும் கூடும்.

உறிஞ்சும் கட்சியின் தலையாய வாதம், சூடான காற்று மேலே எழும் என்பது. உண்மைதான், ஆனால் எவ்வளவு வலுவோடு எழும்? 45 செ.மீ. உயரக் கேபினட்டுக்குள் காற்று வெளியைவிட 15 டிகிரி சூடாக இருந்தால், அந்த வெப்பத் தூண் தரும் அழுத்தம் சுமார் 0.26 பாஸ்கல். நாக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-எஃப்12 என்ற 120 மி.மீ. விசிறி, முழு வேகத்தில், 2.61 மி.மீ. நீர்மட்ட அழுத்தம் தரும் என்கிறது அதன் குறிப்புத்தாள். அது ஏறத்தாழ 25 பாஸ்கல். விசிறி சுற்றும்போது இயற்கை எழுச்சி நூற்றில் ஒரு பங்குதான். தவிர, மேசைமேல் நிற்கும் டவர் கேபினட்டில் போர்டு செங்குத்தாக இருக்கிறது. விசிறி ஊதினாலும் உறிஞ்சினாலும் காற்று போவது பக்கவாட்டில். மேலே, கீழே என்ற பேச்சே அங்கே எழவில்லை.

உறிஞ்சுவதற்கு ஒரே ஒரு நல்ல நியாயம் உண்டு. உறிஞ்சிய காற்று நேராகக் கேபினட்டை விட்டு வெளியேறுமானால் கணக்கு மாறுகிறது. ஷட்டில் நிறுவனத்தின் எக்ஸ்பிசி குட்டிக் கணினிகள் அப்படித்தான் செய்தன. பிராசசரின் வெப்பத்தை வெப்பக் குழாய்கள் பின்சுவருக்குக் கொண்டுபோக, அங்கே ஒரு 80 மி.மீ. விசிறி அதை நேராக வெளியே தள்ளியது. செருப்புப் பெட்டி அளவுக் கேபினட்டில் சூட்டை உள்ளே சுற்றவிடக் கட்டுப்படியாகாது.

38 டிகிரி

இந்த இரண்டு வழிகளும் நேருக்கு நேர் மோதிய இடம் பென்டியம் 4. 2004 பிப்ரவரியில் அதன் பிரெஸ்காட் வகை வந்தபோது பிராசசரின் வெப்பம் 100 வாட்டைத் தாண்டியது. மேல்நிலை வகைகள் 115 வாட் வரை போயின. அந்தக் காலகட்டத்தில் கேபினட் தயாரிப்பாளர்களுக்கு இன்டெல் ஒரு வழிகாட்டி வைத்திருந்தது. அறை வெப்பம் 35 டிகிரி என்றால், பிராசசர் விசிறிக்குள் நுழையும் காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்காகக் கேபினட்டின் பக்கக் கதவில், பிராசசருக்கு நேர் எதிரே ஓட்டைகள் போட்டு, அங்கிருந்து விசிறிவரை ஒரு பிளாஸ்டிக் குழல். அந்தக் காலத்துக் கேபினட் கதவின் உட்புறம் தொங்கிய கறுப்புப் புனல் அதுதான். பலர் அது எதற்கென்று தெரியாமல் கழற்றி எறிந்தார்கள்.

35 டிகிரி என்ற எண்ணை ஐரோப்பியர் ஒருவர் மிகையான பாதுகாப்பு என்று நினைத்திருக்கக்கூடும். மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத சென்னை அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சாதாரணப் பிற்பகல்.

மூன்றே டிகிரிக்காக ஏன் இத்தனை பாடு? பிராசசரின் மேல்தகடு 70 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 38 டிகிரிக் காற்று வந்தால் ஹீட்சிங்குக்கு 32 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. 115 வாட்டுக்கு, வாட் ஒன்றுக்கு 0.28 டிகிரி வரை சூடேறலாம். உள்ளே கலந்து சுற்றிய 45 டிகிரிக் காற்று வந்தால் இடைவெளி 25 டிகிரிதான். வாட் ஒன்றுக்கு 0.22 டிகிரி என்ற கடுமையான ஹீட்சிங்க் வேண்டும். அதாவது கூடுதல் தாமிரம், கூடுதல் எடை, இல்லாவிட்டால் வேகமாகச் சுற்றி அலறும் விசிறி. ஒரு பிளாஸ்டிக் புனல் இவை எல்லாவற்றையும்விட மலிவு.

இப்போது அந்த விசிறியை மட்டும் திருப்பிப்போட்டுப் பாருங்கள். புனல் புகைபோக்கியாகிவிடும். பிராசசரின் 115 வாட்டும் நேராகக் கதவு வழியே வெளியேறும். உள்ளே மற்ற பாகங்கள் நிம்மதியாக இருக்கும். ஆனால் பிராசசர் மூச்சு வாங்குவது கேபினட்டின் உள்காற்றை. ஆர்வலர்களில் சிலர் அப்படித் திருப்பிப் பார்த்ததுண்டு. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. எந்தப் பாகம் தன் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதுதான் தீர்ப்பு. பெரும்பாலான அலுவலகக் கணினிகளில் அன்று தனிக் கிராபிக்ஸ் கார்டே இல்லை. எல்லையில் நின்றது பிராசசர் ஒன்றுதான். எனவே இன்டெல் உள்நோக்கி ஊதும் திசையைத் தேர்ந்தது சரி. கிராபிக்ஸ் கார்டு தகித்துக்கொண்டிருந்த ஒரு விளையாட்டுக் கணினியில் அதே விசிறியைத் திருப்பியவரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

2004: பிராசசருக்கு முன்வரிசை

புனல் ஓர் ஒட்டுப்போட்ட தீர்வு. அதே காலகட்டத்தில் வந்த இன்டெல்லின் பிடிஎக்ஸ் வரையறை அடியிலிருந்து வேலையைத் தொடங்கியது. பிராசசர் கேபினட்டின் முன்சுவருக்கு அருகே கொண்டுவரப்பட்டது. ஹீட்சிங்க், விசிறி, உறை மூன்றும் சேர்ந்த ஒரே தொகுதி, முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை நேராக வாங்கிப் பிராசசர் வழியே பின்னோக்கி வீசியது. அந்தக் காற்றே தொடர்ந்து போய்ப் போர்டின் மற்ற சில்லுகளைக் குளிர்வித்து, பின்சுவர் வழியாக வெளியேறியது. ஊதுவதா உறிஞ்சுவதா என்று தனியே கேட்க வேண்டியதில்லை. முன்னிருந்து பின்னுக்கு ஒரே நேர்கோடு, முதல் காற்று பிராசசருக்கு. 2003-இல் ஆப்பிள் வெளியிட்ட பவர் மேக் ஜி5, உள்ளே நான்கு வெப்ப மண்டலங்கள், ஒன்பது விசிறிகள் என்று ஏறத்தாழ இதே முன்-பின் ஓட்டத்தை வைத்திருந்தது. டெல் நிறுவனம் தன் மேசைக் கணினிகளில் பிடிஎக்ஸை ஏற்றுக்கொண்டது. மூடியைத் திறந்தால் ஹீட்சிங்கே கண்ணில் படாமல் பெரிய பிளாஸ்டிக் உறை மறைத்துக்கொண்டிருக்குமே, அந்த டெல் கணினிகள் இந்த வம்சம்தான்.

காற்றோட்டக் கோணத்தில் இன்றைக்கும் பிடிஎக்ஸ் ஏடிஎக்ஸைவிடச் சிறந்த வடிவம் என்றே நினைக்கிறேன். அது தோற்றது காற்றால் அல்ல. புதிய கேபினட், புதிய போர்டு, புதிய கூலர் மூன்றையும் ஒருசேர மாற்றச் சந்தை தயாராக இல்லை. 2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தது, 65 வாட். பிரெஸ்காட்டின் பாதி வெப்பம்தான். நோய் குறைந்தபின் கசப்பு மருந்தை யார் குடிப்பார்கள்? அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பிடிஎக்ஸ் வளர்ச்சியை நிறுத்துவதாக இன்டெல் அறிவித்தது.

ஏடிஎக்ஸ் பிழைத்துக்கொண்டது, ஆனால் பழைய உருவில் இல்லை. 2005-இல் வந்த ஆன்டெக் பி180 கேபினட்டில் எஸ்.எம்.பி.எஸ். அடித்தளத்தில் தனி அறைக்குப் போயிற்று. பின்னாளில் அது கீழிருந்தே தனக்கான காற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பரவலாயிற்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தனி இலை போட்டாயிற்று. 1995-இல் தொடங்கிய தகராறு அங்கே முடிந்தது.

இன்று கேபினட்டைத் திறப்பவருக்கு

இப்போது பரவலாக இருப்பது டவர் கூலர். போர்டுக்குச் செங்குத்தாக நிற்கும் தகட்டு அடுக்கு, அதன் பக்கத்தில் 120 மி.மீ. விசிறி. தகடுகள் நெருக்கமாக, இணையாக இருப்பதால் தள்ளினாலும் இழுத்தாலும் காற்று அவற்றின் ஊடாகத்தான் போயாக வேண்டும்; வேறுபாடு சொற்பம். உயரமான ரேம் குச்சிகள் முன்பக்கத்தை அடைத்தால், தயங்காமல் விசிறியைப் பின்பக்கத்தில் இழுக்கும்படி மாட்டிவிடலாம். காற்றின் போக்கு மட்டும் முன்னிருந்து பின்னுக்கு இருக்க வேண்டும்; கேபினட்டின் பின்சுவர் விசிறியை நோக்கி. கொக்கியில் மாட்டும் சில கூலர்களில், கொக்கி அமைந்த பக்கத்தைப் பொறுத்துக் காற்று மேல்கீழாகவே போகும் நிலை வரும். அப்போது மேல்நோக்கி வைத்து, கூரையில் வெளியேற்றும் விசிறி ஒன்றைப் போடுவதுதான் மிச்ச வழி.

எந்தப் பக்கம் காற்று வருகிறது என்பதில் தடுமாறுபவர்கள் விசிறியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் போதும். ஒரு முகத்தில் இறகுகள் தடையின்றித் தெரியும். அது காற்றை வாங்கும் பக்கம். மறுமுகத்தில் நான்கு கைகள் சட்டத்திலிருந்து நடுக்குமிழைத் தாங்கும், ஒரு கையின் வழியாக ஒயர் ஓடும், நடுவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பெரும்பாலான விசிறிகளில் அது காற்றை விடும் பக்கம். சிலவற்றின் சட்டத்து விளிம்பில் இரண்டு அம்புக்குறிகள் பொறித்திருக்கும்: ஒன்று இறகு சுற்றும் திசை, மற்றது காற்றின் திசை. ஐயம் தீரவில்லையென்றால் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தால் சொல்லிவிடும். ஒயரை மாற்றிக் கொடுத்துத் திசையைத் திருப்ப நினைக்க வேண்டாம். இந்த டிசி மோட்டாருக்குள் மின்னணுச் சுற்று இருக்கிறது. அது எதிர்ப்பக்கம் சுற்றாது, கெட்டுப்போக வாய்ப்புண்டு. திருப்ப வேண்டியது விசிறியைத்தான்.

முதல் காற்றுக்கான போட்டியில் இப்போது புதிய ஆள் வந்திருக்கிறார். என்விடியா 2020-இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3080 பவுண்டர்ஸ் எடிஷன் கார்டு 320 வாட். அதன் ஒரு விசிறி காற்றைக் கார்டின் ஊடாகவே இழுத்து மேல்நோக்கி விடுகிறது. மேலே இருப்பது பிராசசர் கூலரின் வாய். கேபினட் வழியே நிமிடத்துக்கு 100 கன அடி காற்று ஓடினாலும், அந்தக் கார்டு ஒன்றே மொத்தக் காற்றையும் சராசரியாக 5 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். கார்டுக்கு நேர் மேலே இன்னும் கூடுதல். நீர்க் குளிர்விப்பு வைத்தாலும் தப்ப முடியாது. ரேடியேட்டரை முன்பக்கம் உள்ளிழுக்கும்படி வைத்தால் பிராசசர் குளிரும், அதன் சூடு கார்டுக்குப் போகும். கூரையில் வெளியேற்றும்படி வைத்தால் கார்டின் சூடு பிராசசருக்கு. விளையாட்டுக் கணினியாக இருந்தால் நான் கூரையையே தேர்வேன். அங்கே எல்லையில் நிற்பது கார்டு. காணொளித் தொகுப்புக்காகப் பிராசசரை மணிக்கணக்கில் வாட்டும் கணினிக்கு முன்பக்கம்.

விசிறியைத் திருப்பலாமா என்று யோசிப்பவர் அதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். வழக்கமான கனமான வேலையைக் கொடுத்து, வெப்பம் ஏறி ஒரே நிலையில் நின்றபின் பிராசசரின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே வேலை, அதே நேரம். அளவு ஏழெட்டு டிகிரி இறங்கினால் கூலருக்குப் பழைய காற்று போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். முன்பக்க வழியையும் பின்பக்க விசிறியையும் முதலில் பார்க்க வேண்டும். ஓரிரு டிகிரிக்கு மேல் இறங்கவில்லை என்றால் காற்று சரியாகவே வருகிறது. விசிறியைத் திருப்பிப் பெரிய பயன் இருக்காது. தெர்மல் பேஸ்டைப் பாருங்கள், தகடுகளுக்கு இடையே ஜமக்காளம்போல் படிந்திருக்கும் தூசையும் பாருங்கள்.